அடைப்பும் ஆன்டிபாடியும்

விந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, எண்ணுவது, எழுதிக் கையெழுத்துப் போடுவது வரைதான் என் பொறுப்பு. விளக்கம் சொல்வது மருத்துவரின் வேலை. ஆனாலும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் பாதி வழியிலேயே திரும்பி வருவார்கள். கவரைப் பிரித்துப் படித்திருப்பார்கள். ‘விந்தணு எதிர்ப்பு ஆன்டிபாடி: பாசிட்டிவ்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, “மேடம், என் உடம்பே என் விந்தணுவைக் கொல்லுதா?” என்று கேட்பார்கள். மனைவி ஓரடி தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“கொல்லலை சார். மேலே ஒட்டிக்கிட்டு இருக்கு. டாக்டர் விவரமா சொல்வார்” என்பேன். அடுத்தவர் காத்திருக்கும்போது அதற்கு மேல் பேச முடியாது. அந்த ஜன்னலில் நின்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆன்டிபாடி என்பது, அந்நியமானது என்று உடம்பு நினைப்பதைப் பிடிக்க நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் புரதம். விந்தணுவுக்கு எதிரான இந்த ஆன்டிபாடி காரணம் பிடிபடாமல் வருவதும் உண்டு. ஆனால் நன்றாக அறியப்பட்ட காரணம் ஒன்று இருக்கிறது: ஆணின் இனப்பெருக்கப் பாதையில் எங்கோ ஏற்பட்ட அடைப்பு. பாசிட்டிவ் என்று வந்ததும் ‘இனி என்ன ஆகும்’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘எங்கே அடைத்திருக்கிறது’ என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

சொந்த விந்தணுவை உடம்பு ஏன் அந்நியமாகப் பார்க்கிறது? நோய் எதிர்ப்பு மண்டலம் ‘இது நம்முடையது’ என்று பழகிக்கொள்வது பெரும்பாலும் கருவில் இருக்கும்போதும் பிறந்த புதிதிலும்தான். விந்தணு உண்டாவதோ பருவ வயதில். அதுவரை உடம்பில் எங்குமே இல்லாத புரதங்களைச் சுமந்துகொண்டு ஒரு புது செல் அப்போதுதான் வருகிறது. அதைக் காப்பாற்ற விந்தகத்துக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. விந்தணுவை வளர்த்தெடுக்கும் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரு தடுப்பை அமைக்கின்றன. ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடியும் வெள்ளணுக்களும் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று பிறகு தெரியவந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கென்னத் டங் குழுவினர் எலிகளை வைத்து 2017-இல் காட்டியது இது: நல்ல நிலையில் உள்ள விந்தகத்திலிருந்தும் சில விந்தணுப் புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சிறு கசிவைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ எனும் வெள்ளணுக்கள் மற்றவற்றை அமைதியாக வைத்திருக்கின்றன. அதே குழு 2011-இல் வாசெக்டமி (விந்துக்குழாயை வெட்டிக் கட்டும் கருத்தடை அறுவை) செய்த எலிகளை ஆராய்ந்தது. இந்த டி செல்களைக் குறைத்துவிட்டபோது எலியின் விந்தகமே அழற்சிக்கு உள்ளானது. குறைக்காதபோது உடம்பு பொறுத்துக்கொண்டது. ஆக, தடுப்புச் சுவர் மட்டும் விந்தணுவைக் காப்பதில்லை. பொறுத்துக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்துதான் காக்கிறது. அடைப்பு வரும்போது இந்த இரண்டுமே சோதனைக்கு உள்ளாகின்றன.

அடைப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வாசெக்டமி. விந்துக்குழாயை வெட்டிக் கட்டிவிட்டால் விந்தணு உற்பத்தியே நின்றுவிடும் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். நிற்காது. விந்தகம் பழையபடியே தினமும் கோடிக்கணக்கில் விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெளியேறும் திரவத்தின் அளவும் பார்வைக்குக் குறையாது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட்டிலிருந்தும் வருவது. அப்படியானால் உண்டான விந்தணுக்கள் எங்கே போகின்றன?

விந்தகத்தின் பின்புறம் எபிடிடிமிஸ் என்று ஒரு சுருள் குழாய் ஒட்டியிருக்கிறது. பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். விந்தணு முதிர்ச்சி அடைந்து நீந்தக் கற்பது அதற்குள்தான். வெளியே வழி இல்லாதபோது விந்தணுக்கள் அங்கே தேங்குகின்றன. குழாய் விரிகிறது. மேக்ரோஃபேஜ் எனும் பெரு விழுங்கிகள் வந்து அவற்றை விழுங்கிச் செரிக்கின்றன. விழுங்கியதன் துண்டுகளை மற்ற வெள்ளணுக்களுக்கு எடுத்துக் காட்டுவது அவற்றின் இயல்பு. சில நேரம் அழுத்தம் தாங்காமல் குழாய் எங்காவது விட்டுப்போகும், அல்லது வெட்டிய முனையிலிருந்து விந்தணு கசியும். கசிந்த இடத்தைச் சுற்றி அழற்சி செல்கள் கூடி ஒரு சிறு கட்டி உருவாகும். கிரானுலோமா என்பார்கள். கையில் தட்டுப்படும் அளவுக்கு இருந்தாலும் பலருக்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை.

இத்தனை நாள் கொஞ்சமாக, அமைதியாக வந்துகொண்டிருந்த புரதம் இப்போது மொத்தமாக, அதுவும் அழற்சியின் நடுவில் வருகிறது. அதனால் வாசெக்டமி செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகிவிடுகிறது. 50 முதல் 70 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே வந்துவிடும். மீதிப் பேருக்கு ஏன் வருவதில்லை என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் கேள்வி. அந்த டி செல்களுக்கு அதில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஒரு விலங்கின் விந்தணுவை இன்னோர் இனத்துக்குச் செலுத்தினால் அதற்கு எதிர்ப்பு உண்டாகும் என்று கார்ல் லான்ட்ஸ்டைனரும் இலியா மெச்னிகாஃபும் தனித்தனியே 1899-இல் காட்டினார்கள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்தாரே, அதே லான்ட்ஸ்டைனர்தான். அடுத்த ஆண்டே மெட்டல்னிகாஃப், கினிப்பன்றிக்கு அதன் சொந்த இன விந்தணுவைச் செலுத்தினாலும் ஆன்டிபாடி வரும் என்று கண்டார். மனிதர்களிடம் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது. 1954-இல் நெதர்லாந்தில் பிலிப் ரும்கே, அமெரிக்காவில் லியோ வில்சன் என்று இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, குழந்தை இல்லாத ஆண்களின் ரத்தத்தில் அவர்களுடைய சொந்த விந்தணுவையே திரள வைக்கும் ஆன்டிபாடி இருப்பதை வெளியிட்டார்கள்.

சரி, என் மேசைக்கு வருகிறேன். விந்து திரவமானதும் ஒரு துளியை ஸ்லைடில் வைத்துப் பார்ப்பேன். சில மாதிரிகளில் முதல் பார்வையிலேயே ஒன்று கண்ணில் படும். உயிருள்ள விந்தணுக்கள் தலையோடு தலை, அல்லது வாலோடு வால் ஒட்டி, சிறு கொத்தாகத் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் போக்கில் போகப் பார்க்கும், ஒன்றும் நகர முடியாது. செத்த விந்தணுக்களும் குப்பையும் சளியும் சேர்ந்து கிடக்கும் குவியல் வேறு, இது வேறு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான். கொத்து இருந்தாலே ஆன்டிபாடி என்றும் எழுதிவிடக் கூடாது. ஈ. கோலை போன்ற கிருமித் தொற்றிலும் விந்தணுக்கள் இப்படி ஒட்டிக்கொள்ளும். கொத்தே இல்லாமல் ஆன்டிபாடி இருப்பதும் உண்டு.

அதனால்தான் தனிச் சோதனை. நாங்கள் செய்வது ‘மார்’ (MAR) சோதனை. ஸ்லைடில் மூன்று சிறு துளிகள்: புது விந்து, மேலே ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி பூசிய லேட்டக்ஸ் மணிகள், மனித ஐஜிஜியைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ச்சீரம். மூன்றையும் கலந்து கவர்ஸ்லிப் போட்டு, ஈரம் காயாமல் வைத்து, மூன்று நிமிடத்தில் ஒரு முறை, பத்து நிமிடத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். விந்தணுவின் மேல் ஐஜிஜி இருந்தால், எதிர்ச்சீரம் அதையும் மணியையும் சேர்த்துப் பிணைத்துவிடும். ஆன்டிபாடி இல்லாத விந்தணு, மணிகளின் நடுவே அவற்றைத் தொட்டும் தொடாமலும் நழுவிப் போய்விடும். இருப்பதோ, வயலில் நடந்தால் துணியில் ஏறிக்கொள்ளும் நாயுருவி விதையைச் சுமப்பதுபோல, மணிகளைச் சுமந்துகொண்டே நீந்தும். ஒரு மணி, இரண்டு மணி, சிலதில் உடம்பே தெரியாத அளவுக்கு. மணிகள் தங்களுக்குள்ளேயும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒட்டினால்தான் சோதனை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒட்டவில்லை என்றால் அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பேன்.

நகரும் விந்தணுக்களில் 200-ஐ எண்ணி, அதில் எத்தனை மணி சுமக்கின்றன என்று சதவீதம் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 கையேடு, 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டியது என்று ஒரு கோடு கிழித்தது. அதுவும் வல்லுநர்களின் ஒருமித்த கருத்துதான், குழந்தை பெற்ற ஆண்களிடம் அளந்து வந்த எண் இல்லை என்று அந்தக் கையேடே சொல்கிறது. 52 வந்தவர் இடிந்துபோவதையும் 47 வந்தவர் நிம்மதியாகப் போவதையும் பார்க்கும்போது இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

சதவீதத்தோடு நான் இன்னொன்றையும் எழுதுவேன்: மணி எங்கே ஒட்டியிருக்கிறது என்று. தலையிலா, நடுப்பகுதியிலா, வாலிலா, வால் நுனியில் மட்டுமா? வால் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தலையில் இருந்தால் கருமுட்டையோடு சேரும் இடத்திலேயே குறுக்கே நிற்கக்கூடும். எந்த வகை ஆன்டிபாடி என்பதும் முக்கியம். ஐஜிஎம் உருவத்தில் பெரியது, ரத்தத்திலிருந்து விந்துக்குள் சாதாரணமாக வராது. ஐஜிஜி ரத்தத்திலிருந்து கசிந்து வரும். ஐஜிஏ இனப்பெருக்கப் பாதையிலேயே சுரப்பது, அதிகத் தொல்லை தருவதும் அதுதான்.

அந்தத் தொல்லையைக் கண்ணால் பார்க்க முடியும். நெதர்லாந்தின் கிரெமரும் யாகரும் 1970-களில் எழுதிவைத்த சோதனை அது. கருப்பை வாயில் சுரக்கும் திரவத்தில் ஒரு துளியோடு விந்தைச் சேர்த்துப் பார்த்தால், ஐஜிஏ ஒட்டிய விந்தணு அந்தத் திரவத்துக்குள் நுழைந்ததுமே முன்னேறுவது நின்றுவிடும். சாகாது. வால் அடித்துக்கொண்டே இருக்கும், இடத்தை விட்டு நகராமல் நடுங்கும். ஐஜிஏவின் ஒரு முனை விந்தணுவையும் மறுமுனை அந்தத் திரவத்தின் இழைகளையும் பற்றிக்கொள்வதுதான் காரணம். பழைய முறைதான், இப்போது பல கூடங்களில் செய்வதில்லை. முதன்முதலாக அதைப் பார்த்தபோது, விந்தின் எண்ணிக்கையும் நகர்வும் நன்றாக இருந்தும் கரு தங்காதவர்களின் கதை ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது.

வாசெக்டமி செய்துகொண்டவருக்குத் தன் அடைப்பு எங்கே என்று தெரியும். தெரியாமலே அடைப்போடு இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பழைய எபிடிடிமிஸ் தொற்று, காசநோய், கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகள் இவை வடு ஏற்படுத்திக் குழாயை அடைக்கலாம். பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனும் பரம்பரை நோயோடு தொடர்புடைய சிஎஃப்டிஆர் மரபணுவில் மாற்றம் இருக்கும், குழந்தைக்குத் திட்டமிடும் முன் மனைவியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியது அது.

இன்னொன்று சின்ன வயது ஹெர்னியா அறுவை. குழந்தையின் விந்துக்குழாய் நூல் தடிமன்தான் இருக்கும். குடலிறக்கத்தைச் சரிசெய்யும் இடமும் அது போகும் இடமும் ஒன்றுதான். அரிதாக அதில் அடி பட்டுவிடும், அல்லது வடு அதை இறுக்கிவிடும். ஒரு பக்கம்தான் என்பதால் யாருக்கும் தெரியாது. மறுபக்கம் திறந்திருப்பதால் பருவ வயதில் எல்லாம் இயல்பாகவே நடக்கும்.

முப்பதுகளில் இருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். எண்ணிக்கை நன்றாக இருந்தது, ஆனால் ஸ்லைடு முழுக்கக் கொத்துகள், மார் சோதனையில் எண்பதுக்கு மேல். எங்கள் படிவத்தில் ‘முன்பு செய்த அறுவை சிகிச்சைகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். “சின்ன வயசுல ஹெர்னியா, விதை இறங்காம இருந்ததுன்னு ஏதாவது ஆபரேஷன் பண்ணாங்களா சார்?” என்று கேட்டேன். “அப்படி எதுவும் இல்லையே” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்” என்று வெளியே போய்ப் போன் செய்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. “ரெண்டு வயசுல பண்ணாங்களாம் மேடம். வலது பக்கம். எனக்கு இத்தனை வருஷமா யாரும் சொல்லவே இல்லை.” நான் அதைப் படிவத்தில் எழுதி, மருத்துவர் கண்ணில் படும்படி கோடிட்டு அனுப்பினேன். பிறகு மருத்துவர் பரிசோதித்ததில் வலது எபிடிடிமிஸ் விரிந்து தடித்திருந்தது. அந்தப் பக்கம் அடைப்பு.

ஒரு பக்க அடைப்பின் கொடுமை இதுதான். அடைத்த பக்கத்திலிருந்து ஒரு விந்தணுவும் வெளியே வராது. ஆனால் அங்கே தேங்கிய விந்தணுக்களுக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி, திறந்திருக்கும் பக்கத்து விந்தணுக்களின் மேலும் போய் ஒட்டும். நல்ல பக்கமும் கெட்டுப்போகிறது. இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் விந்தில் எதுவுமே இருக்காது, உடனே காரணம் தேடுவார்கள். ஒரு பக்கம் என்றால் எண்ணிக்கை ஓரளவு நன்றாகவே இருப்பதால், ‘ஆணிடம் குறை இல்லை’ என்று சொல்லி மனைவிக்குச் சோதனை மேல் சோதனையாக நடக்கும். அப்படி வருடக்கணக்கில் ஊசியும் ஸ்கேனுமாக அலைந்துவிட்டு வந்த பெண்களைப் பார்க்கும்போது எனக்குத் தாங்காது. இப்போது எங்கள் படிவத்தில் ‘குழந்தைப் பருவத்தில் ஹெர்னியா / விதை இறங்காமை அறுவை’ என்று தனி வரியே இருக்கிறது. அதன் கீழே, ‘பெற்றோரிடம் கேட்டு எழுதவும்’ என்று நான் போடச் சொன்னேன்.

ஆன்டிபாடி நல்ல செய்தியாக வருவதும் உண்டு. விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாதவர்கள் வருகிறார்கள். உற்பத்தியே இல்லையா, அல்லது உற்பத்தி இருந்தும் வழி இல்லையா என்பதுதான் அவர்களுடைய முழுக் கேள்வியும். விந்தகத்தின் அளவு, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் இவற்றை வைத்து மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். விந்தில் நீந்துவதே இல்லாததால் நேரடி மார் சோதனை இங்கே முடியாது. ரத்தச் சீரத்தை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, ஆன்டிபாடி இல்லாத கொடையாளியின் விந்தணுவோடு சேர்த்து மறைமுகமாகப் பார்க்க வேண்டும். அதில் ஆன்டிபாடி தெரிந்தால், உள்ளே எங்கோ விந்தணு உண்டாகிறது, உடம்பு அதைப் பார்த்திருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம். விந்தகத்தில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கும் முன்பே நம்பிக்கை தரக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று. இதே ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்துக் கண் கலங்கியவரிடம், “சார், உங்க விஷயத்துல இது நல்லதுதான், டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வாசெக்டமியைத் திரும்ப இணைத்துக்கொள்ள வருபவர்களுக்கு இரண்டு பயம்: வழி திறக்குமா, திறந்தாலும் ஆன்டிபாடி விடுமா? முதலாவதற்கு இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் அமெரிக்க ஆய்வு 1991-இல் வந்தது. வெட்டி மூன்று ஆண்டுக்குள் இணைத்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்ப வந்தது, 76 சதவீதம் தம்பதிகளுக்குக் கரு தங்கியது. பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவர்களில் அது 71, 30 என்று இறங்கியது. இரண்டாவது பயத்துக்கும் இதே எண்களில் ஒரு பகுதிப் பதில் இருக்கிறது. வாசெக்டமி ஆனவர்களில் பாதிக்கு மேல் ஆன்டிபாடி உள்ளவர்கள், அது வழி திறந்த பிறகும் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அப்படியிருந்தும் மூன்று ஆண்டுக்குள் இணைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கரு தங்கியிருக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒன்று, விந்தணுவின் மேல் ஒட்டியிருப்பது வேறு. ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் மனம் உடைய வேண்டாம்.

வாசெக்டமி செய்துகொண்டால் இந்த ஆன்டிபாடியால் இதயம் கெடும் என்று இணையத்தில் இன்றும் சுற்றும் பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. 1978-இல் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்த குரங்குகளில், வாசெக்டமி செய்தவற்றின் ரத்தக்குழாய்கள் அதிகமாகத் தடித்திருந்தன என்று ஓர் ஆய்வு வந்தது. பயப்பட வேண்டிய செய்திதான், அப்போது பயந்தார்கள், ஆராய்ந்தார்கள். 1984-இல் வாசெக்டமி செய்துகொண்ட 10,590 ஆண்களை, செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. இதய நோயோ, ஆன்டிபாடியால் வரக்கூடும் என்று அஞ்சிய மற்ற நோய்களோ அவர்களுக்குக் கூடுதலாக இல்லை. எபிடிடிமிஸ், விந்தக அழற்சி மட்டும் கொஞ்சம் அதிகம். அது அடைப்பின் நேரடி விளைவு, புரிந்துகொள்ளக் கூடியது. சுமார் 1 முதல் 2 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம் சிகிச்சை. ஸ்டீராய்டு கொடுத்து ஆன்டிபாடியைக் குறைக்கப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1987-இல் வந்த ஒரு சோதனையில் பலன் தெளிவாகத் தெரியவில்லை, 1990-இல் வந்த இன்னொன்றில் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் மாதக்கணக்கில் அதிக அளவில் எடுக்க வேண்டியிருந்தது. சிலருக்கு இடுப்பு மூட்டின் எலும்பே ரத்த ஓட்டமின்றிச் சிதைந்துபோனது. குழந்தைக்காக நடக்க முடியாமல் போவதா? இன்று அதை யாரும் வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போடுவது இன்னும் மோசம், தயவுசெய்து வேண்டாம்.

விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்தால் ஆன்டிபாடி போய்விடாதா என்றும் கேட்கிறார்கள். நான் தினமும் கழுவுகிறேன். திரவத்தில் மிதப்பது போகும், ஒட்டியது போகாது, அது அவ்வளவு இறுக்கம். ஐஜிஏவை வெட்டும் ஒரு பாக்டீரியா நொதியை வைத்து 1987-இல் ஆய்வகத்தில் முயன்றார்கள். நொதி பட்ட விந்தணுக்கள் கருப்பை வாய்த் திரவத்தில் முன்னைவிட நன்றாக நுழைந்தன. அது அன்றாடச் சிகிச்சையாக வளரவில்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

செய்யக்கூடியது, ஆன்டிபாடி குறுக்கே நிற்கும் இடத்தைத் தாண்டிப்போவது. திரவத்தில் மாட்டிக்கொள்கிறது என்றால் விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தலாம். கருமுட்டையின் மேல் ஒட்டுவதிலேயே சிக்கல் என்றால், ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் 1992-இல் அறிவித்த முறை. அதில் ஆன்டிபாடி இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கருத்தரிப்பில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சிலருக்கு அடைப்பையே அறுவை மூலம் சரிசெய்வதுதான் நேரான வழி. ஒரு பக்க அடைப்பைச் சரிசெய்த பிறகு ஆன்டிபாடி குறைந்து, இயற்கையாகவே குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் வயது என்ன, அடைப்பு எங்கே, எத்தனை வருடமானது என்பதைப் பொறுத்துத்தான் எது யாருக்கு என்று முடிவாகும்.

ரிப்போர்ட் கையில் இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: நேரடிச் சோதனையா ரத்தச் சோதனையா, எத்தனை சதவீதம், ஐஜிஜியா ஐஜிஏவா, தலையிலா வாலிலா. இவை எழுதப்படாமல் வெறும் ‘பாசிட்டிவ்’ மட்டும் இருந்தால், எங்களைப் போன்ற கூடத்தில் திரும்பக் கேட்டு எழுதி வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கடைசியாக எப்போதும் மனைவிதான் ஒன்று கேட்பார், கணவர் கொஞ்சம் நகர்ந்த பிறகு, குரலைத் தாழ்த்தி: “பொறக்கப்போற குழந்தைக்கு இதனால ஏதாவது ஆகுமா மேடம்?” ஆன்டிபாடி ஒட்டுவது விந்தணுவின் வெளிப்புறத்தில். உள்ளே இருக்கும் மரபுப் பொருளை அது தொடுவதில்லை. “ஆகாதும்மா” என்று தைரியமாகச் சொல்கிறேன்.